சமயஞ்சாராச் சமூக நிறுவனங்கள்: பாலையூற்றுச் சூழலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சமயம் பற்றி எம்மிடையே நிகழ்ந்துள்ள ஆய்வுகளைத் தொகுத்து நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் இரு வினாக்களை மையமாகக் கொண்டு அமைந்தமை புலனாகும். சமயக் கோட்பாடு மெய்யா, பொய்யா என்பது ஒன்று. அது எவ்வர்க்கத்தின் நலனைப் பேணி வந்துள்ளது என்பது மற்றொன்று. முதலாவது வினாவைப் பகுத்தறிவாளரும் இரண்டாவதை மார்க்சியவாதிகளும் சிறப்பாக எழுப்பினர். இரண்டும் இன்றியமையாதவை. எனினும் இவற்றுக்கு விடை கண்ட பின்னரும் மூன்றாவதொரு வினா எஞ்சி நிற்கிறது. கோட்பாடு மறுக்கப்பட்ட பின்பும், வர்க்கச் சார்பு வெளிப்படுத்தப்பட்ட பின்பும், சமயம் மக்கள் வாழ்வில் ஆற்றிவரும் பணிகள் யாவை? அப்பணிகளைச் சமயஞ்சாராத நிறுவனங்கள் ஏற்று நடத்த முற்பட்டபோது எங்கே வெற்றி கண்டன, எங்கே தளர்ந்தன? தமிழர் சமூக வரலாற்றிலிருந்து சில சான்றுகளைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

சமயத்தை அபினியுடன் ஒப்பிட்ட மார்க்சின் 1844 ஆம் ஆண்டுக் கட்டுரை எம்மவரிடையே அடிக்கடி எடுத்தாளப்படுவது. ஆயின் எடுத்தாள்வோர் பலர் அவ்வொப்புமையின் ஒரு பாதியையே மனத்திற் கொள்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அபினி வெறும் போதைப்பொருளன்று. ஏழைகளுக்குக் கிட்டிய நோவு நீக்கியாகவும் அதுவே விளங்கிற்று. சமயத்தில் உண்மையான துன்பத்தின் வெளிப்பாட்டையும் அத்துன்பத்துக்கு எதிரான முறைப்பாட்டையும் மார்க்ஸ் ஒருங்கே கண்டார். இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. காயத்தை ஆற்றாது நோவு நீக்கியை மட்டும் பறிப்பவரை நோயாளி நண்பராகக் கொள்ளமாட்டார். இவ்வுண்மையை மறந்தமையே எமது முற்போக்கு இயக்கங்களின் பலவீனங்களுள் ஒன்று எனத் துணியலாம்.

1

ஆய்வுக்கான களமாகத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியைச் சேர்ந்த பாலையூற்றையும் அதன் சூழலையும் கொள்வோம். பட்டினமும் சூழலும் பிரதேச செயலாளர் பிரிவினுள் அமைந்த இவ்வூர், பாலை மரத்தையும் ஊற்றையும் தன் பெயரிற் கொண்டது. லூர்து அன்னையின் திருத்தலத்தால் அது பலராலும் அறியப்படுகிறது. பட்டினத்தின் கடல்முனையில் திருக்கோணேச்சரம் நிற்கிறது. 1624 இல் போர்த்துக்கேயர் இடித்தழித்த கோயிலின் இடத்தில் எழுந்த இன்றைய ஆலயத்துக்கு 1963 இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. பட்டினத்துக்கு அப்பால் கன்னியாவில் ஏழு வெந்நீரூற்றுகள் உள. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றிய இடமென ஐதிகம் கூறும் அவ்விடத்திலே, இறந்தோருக்கான முப்பத்தோராம் நாட் கிரியைகளைச் சைவ மக்கள் நெடுங்காலமாகச் செய்து வந்துள்ளனர்.

இம்மூன்று இடங்களும் மூன்று தேவைகளைச் சுட்டி நிற்கின்றன. நோயிலும் ஆபத்திலும் நேர்த்தி வைப்பதற்கு ஓரிடம். இழந்த பெருமையை மீட்டதாக ஒரு சமூகம் உணர்வதற்கு ஓரிடம். இறந்தவரை முறைப்படி வழியனுப்பி, இருப்பவர் மீண்டும் வாழ்வுக்குத் திரும்புவதற்கு ஓரிடம். இவற்றுடன் திருவிழா வகுத்துத் தரும் ஆண்டின் ஒழுங்கையும், கோயிலையும் பங்கையும் சுற்றி அமையும் பரஸ்பர உதவியையும் சேர்த்துக் கொண்டால், சமயத்தின் சமூக உளவியற் பயன்கள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இச்சூழலின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் தளமாக 1957 வரை இருந்தது. கடற்படைத் துறையும் எண்ணெய்க் குதங்களும் பின்னர் 1980 களில் மாவாலையும் சீமெந்து ஆலையும் கூலியுழைப்பை நம்பிய மக்களைக் கொண்டதொரு பட்டினத்தை உருவாக்கின. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே தொழில் புரிந்தனர். நிலவுடைமையும் கோயிலுடைமையும் பின்னிப் பிணைந்த யாழ்ப்பாணக் கிராமத்திலிருந்து இது வேறுபட்டது. சமயஞ்சாராத தோழமை வேரூன்றுவதற்குரிய புறநிலைமைகள் ஈழத்தில் எங்கேனும் இருந்தனவெனின், அவை இத்தகைய துறைமுகச் சூழலிலேயே இருந்தன. அவ்வாறிருந்தும் அது ஏன் நிலைக்கவில்லை என்பதே எமது வினாவின் கூர்மையான பகுதி.

2

சமயப் பணிகளுள் சமயஞ்சாரா வடிவம் பெற்று நிலைத்த முதன்மையான ஒன்று திருமணம். தமிழ்நாட்டுச் சுயமரியாதை இயக்கத்தின் வரலாற்றைப் பார்க்குமுன் அதற்கு முற்பட்ட ஒரு முயற்சியை நினைவுகூர்வது தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவவிவேசினி' முதலிய இதழ்களை நடத்தினர். 1882 முதல் 1888 வரை வெளிவந்த அவ்விதழ் சாதியையும் புராணத்தையும் அஞ்சாது விமர்சித்தது. எனினும் அச்சும் சொற்பொழிவுமே அச்சங்கத்தின் பெருங்கருவிகளாக அமைந்தன. ஒரு குடும்பத்தின் பிறப்பிலும் மணத்திலும் இறப்பிலும் கூடநிற்கும் நிறுவனமாக அது வளரவில்லை. இதழ் நின்றதும் இயக்கமும் நினைவிலிருந்து மறைந்தது.

சுயமரியாதை இயக்கம் இவ்விடத்திலேயே வேறுபட்டது. 1928 இல் அருப்புக்கோட்டைப் பகுதிச் சுக்கிலநத்தத்தில் நிகழ்ந்த திருமணம் முதலாவது சுயமரியாதைத் திருமணமாகக் கொள்ளப்படுகிறது. புரோகிதரும் வடமொழி மந்திரமும் நீக்கப்பட்டன. தலைவர் ஒருவரின் முன்னிலையில் மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றினர். வாழ்த்துரைகள் மேடைப் பேச்சாக அமைந்தன. கூர்ந்து நோக்கின், இங்கே நீக்கப்பட்டது சடங்கன்று, சடங்கின் அதிகாரமே. ஊர் கூடுதல், சாட்சி, விருந்து, மாலை, பெரியோர் வாழ்த்து ஆகியன யாவும் எஞ்சின. தெய்வத்தின் இடத்தில் ஊரும் புரோகிதரின் இடத்தில் இயக்கமும் நின்றன. விதவை மணத்தையும் சாதி கடந்த மணத்தையும் பகிரங்கமாக நடத்தத் துணிந்தவருக்கு இவ்வடிவம் ஒரு காப்பாகவும் விளங்கியது. அதாவது, வைதிகம் மறுத்த ஒன்றை இது வழங்கியது.

சட்டம் இதனைப் பின்தொடர்ந்தே வந்தது. 1953 இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. அண்ணாதுரை தலைமையிலான அரசு 1967 இல் இந்துத் திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து அதனைச் செல்லுபடியாக்கியது. 2023 ஓகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் இத்திருமணத்துக்குப் பகிரங்க அறிவிப்பு இன்றியமையாததன்று எனக் கூறியமை, வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சி மணம் முடிப்போருக்கு இவ்வடிவம் இன்றும் காப்பாக இருப்பதைக் காட்டும். ஆயின் புரோகிதத்தை மறுத்த இம்மணம் 'இந்து' என்னும் சட்ட எல்லைக்குள்ளேயே அங்கீகாரம் பெற்றது என்னும் முரண்பாட்டையும் நாம் மறத்தலாகாது.

இதனை இலங்கை நிலைமையுடன் ஒப்பிடுதல் பயனுடையது. இங்கு 1907 ஆம் ஆண்டின் பொதுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் மூலம் பதிவாளர் முன்னிலையில் எச்சமயச் சடங்குமின்றி மணம் முடிக்கும் வழி சுயமரியாதை இயக்கம் தோன்றுமுன்னரே திறந்திருந்தது. தமிழ்நாட்டார் நாற்பது ஆண்டுகள் போராடிப் பெற்ற சட்ட உரிமையை நாம் போராடாமலே பெற்றிருந்தோம். விளைவு யாது? எமது மக்கள் அதனை 'எழுத்து' என்றழைத்தனர். எழுத்து வேறு, கலியாணம் வேறு என்றாயிற்று. எழுத்து முடிந்த பின்னரும் தாலி கட்டும்வரை மணமக்கள் பிரிந்திருப்பதே பல குடும்பங்களில் வழக்கமாயிற்று. சட்டம் செல்லுபடித்தன்மையை அளித்தது; ஊரின் கண்ணில் ஒரு புதிய குடும்பம் தோன்றியதென்னும் உணர்வை அதனால் அளிக்க முடியவில்லை. தமிழ்நாட்டிற் சடங்கு முதலிலும் சட்டம் பின்னரும் வந்தன. எமக்குச் சட்டம் வந்தது, சடங்கு வரவில்லை. பெரியார் 1932 இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்புகையில் இலங்கையில் தங்கி உரையாற்றியபோதும், மணமேடைவரை செல்லும் வெகுசன இயக்கமொன்று ஈழத்தமிழரிடையே அதன் விளைவாக உருவாகவில்லை.

உலக அனுபவமும் இதனை ஒத்ததே. கிழக்கு ஜேர்மனி 1950 களின் நடுப்பகுதியில் இளையோர் பருவமடையும் விழாவைத் திருச்சபையின் உறுதிப்பூசுதலுக்கு மாற்றாக அரச முயற்சியாக்கிற்று. அவ்வரசு 1990 இல் மறைந்தது, விழா மறையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுதந்திர சிந்தனையாளரிடையே தோன்றிய மரபு அது என்பதும், குடும்பங்கள் அதனைத் தம்முடையதாக ஆக்கிக் கொண்டமையும் அதற்குக் காரணமாயின. ஓர் அரசு கட்டளையிட்டு நடத்தும் சடங்கு அவ்வரசுடன் மறையக்கூடும். குடும்பம் உரிமை கொண்டாடும் சடங்கு அரசையும் கடந்து வாழும்.

3

திருமணத்தில் வெற்றி கண்ட சமயஞ்சாரா முயற்சிகள் மரணத்தின் முன் தயங்கி நின்றமை கவனத்துக்குரியது. மணத்தில் மகிழ்ச்சி ஏலவே உண்டு. சடங்கு அதனை ஒழுங்குபடுத்தினாற் போதும். மரணத்திலோ சடங்கு இரு வேலைகளைச் செய்தாக வேண்டும். பிணத்தை அகற்றுதல் ஒன்று. இருப்பவரின் துயருக்குக் காலவரையறை ஒன்றைத் தருதல் மற்றொன்று. எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள், ஆண்டுத் திவசம் என வரும் ஒழுங்கு, துயருற்றவரைப் படிப்படியாக வாழ்வுக்கு மீட்கும் நாட்காட்டியாகும். கன்னியாவின் வெந்நீரில் நீராடி எழுபவர் இறந்தவருக்குக் கடன் தீர்த்ததாக நம்புகிறார். சமூகவியல் நோக்கில், தாம் மீண்டும் சிரிக்கலாம் என்னும் அனுமதியை ஊரிடமிருந்து பெறுகிறார்.

இப்பணியின் பொருளாதாரப் பாதியை எமது மக்கள் எந்தக் கோட்பாட்டு விவாதமுமின்றிச் சமயஞ்சாரா நிறுவனமொன்றிடம் ஒப்படைத்துள்ளனர் என்பது பலராலும் கவனிக்கப்படாத செய்தி. மரண உதவிச் சங்கங்களையே குறிப்பிடுகிறோம். அங்கத்தவர் மாதச் சந்தா செலுத்துவர். இறப்பு நேர்ந்த வீட்டுக்குச் சங்கம் குறித்த தொகையை உடன் வழங்கும். பந்தலும் கதிரையும் கொண்டுவரும். வெள்ளைக் கொடி கட்டும். இரவு விழித்திருக்க ஆள் அனுப்பும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஆகிய மூவரிடையேயும் இத்தகைய சங்கங்கள் உண்டு. இலாப நோக்கற்ற இக்காப்புறுதி, கூட்டுறவுத் தத்துவத்தின் எளிய வடிவம். பிரித்தானியத் தொழிலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த நேய உதவிச் சங்கங்களும் ஏழையின் உடல் கௌரவத்துடன் அடக்கம் செய்யப்படவேண்டும் என்னும் இதே கவலையைப் பெருமளவிற் கொண்டிருந்தன.

துயரின் மொழிசார்ந்த பாதியிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் 'கல்வெட்டு' ஈழத்தமிழருக்குச் சிறப்பாக உரியது. இறந்தவரின் குலவரலாறும் தேவாரமும் புலம்பற் பாக்களுமாக இருந்த அச்சிறுநூல், காலப்போக்கில் நினைவு மலராகி வாழ்க்கை வரலாறு, நண்பர் கட்டுரை, இலக்கியத் தொகுப்பு, உடல்நலக் குறிப்பு ஆகியவற்றையும் ஏற்றது. இறந்தவர் எவ்வுலகுக்குச் சென்றார் என்பதிலும் பார்க்க, இவ்வுலகில் என்ன செய்தார் என்பதே பக்கங்களைக் கூடுதலாக நிரப்பத் தொடங்கியது. சமயத்தை மறுக்காமலே சமயத்தின் இடம் சுருங்கியமைக்கு இதுவொரு நல்ல சான்று. இடதுசாரிகளின் இறுதி நிகழ்வுகளில் இரங்கலுரைகள் கிரியையின் இடத்தைப் பெற்றமையும் இவ்வகையினதே. எனினும் இரங்கலுரை ஒரு நாளுக்குரியது. எட்டாம் நாளிலும் முப்பத்தோராம் நாளிலும் விதவையின் வீட்டுக்கு யார் செல்வது என்பதை எந்தக் கட்சியமைப்பும் விதித்து வைக்கவில்லை. மரபு அதனை விதித்து வைத்திருக்கிறது.

4

சமயம் வழங்கும் பயன்களுள் 'நான் இவ்வூரைச் சேர்ந்தவன், மதிப்புக்குரியவன்' என்னும் உணர்வு முதன்மையானது. ஆயின் எமது சமூகத்தில் அப்பயன் சமமாகப் பங்கிடப்படவில்லை. கோயில் சிலருக்கு மதிப்பை வழங்கிய அதே செயலால் வேறு சிலருக்கு இழிவை வழங்கியது. இவ்வுண்மையைத் தவிர்த்து, சமயத்தின் சமூகப் பயன்களைப் பொதுப்படப் பேசும் உளவியல் ஆய்வுகள் எமக்குப் பயன்படா.

ஈழத்துக் கிராமங்களிற் பரவிய வாசிகசாலைகளும் பின்னர் சனசமூக நிலையங்களும் இம்மதிப்புக்கான புதியதொரு களத்தைத் திறந்தன. பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் கேட்பர். விளையாட்டுப் போட்டியும் நாடகமும் ஆண்டு விழாவும் நிகழும். இளைஞர் பொறுப்பேற்றுப் பழகுவர். கோயிலின் தர்மகர்த்தாவுக்குத் தேவைப்பட்ட குலமும் காணியும் வாசிகசாலைச் செயலாளருக்குத் தேவைப்படவில்லை. எழுத்தறிவும் உழைப்பும் போதுமானவையாயின. ஆயினும் ஒரே ஊரில் சாதிக்கொரு சனசமூக நிலையம் எழுந்த இடங்களும் உள. சமயத்தை நீக்கியமையால் மட்டும் சாதி நீங்கிவிடவில்லை. நிறுவனத்தின் பெயர் மாறியபோதும் அதன் அடித்தளமான நிலவுறவும் குடியிருப்பு ஒழுங்கும் மாறாதிருந்தமையே இதற்குக் காரணம்.

இவ்விடத்தில் 1960 களின் அனுபவம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேறிய பின்னரும் கோயிற் கதவுகள் பல மூடியே இருந்தன. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தின் மீது பொலிசார் தாக்குதல் நடத்தினர். அடுத்த ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயில் போராட்டக் களமாயிற்று. இப்போராட்டங்களுக்கு வழிகாட்டியோர் நா. சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சியினர். கடவுளை நம்பாதோர், கடவுளை வணங்கும் உரிமைக்காக அடிபட்டனர். என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' நாடகம் இப்போராட்டத்தைக் கருவாகக் கொண்டது, கே. டானியலின் 'பஞ்சமர்' இக்காலச் சாதி எதிர்ப்புப் போராட்டங்களின் இலக்கியப் பேறாகும்.

இதிலுள்ள முரண்பாட்டை எள்ளியோர் அன்றும் இருந்தனர். ஆயின் அது முரண்பாடன்று, சரியான அரசியல். கோயிலுக்குள் நுழைய மறுக்கப்பட்டவன் கோயிலைத் துறத்தல் இயலாது; உரிமையுடையவனே துறக்க முடியும். அதனினும் முக்கியமாக, அப்போராட்டத்திற் பங்குகொண்டோர் கோயிலுக்குள் தேடிய மதிப்பை, கோயிலுக்கு வெளியே ஊர்வலத்தில் தோளோடு தோள் நின்றபோதே முதன்முதலாகப் பெற்றனர். வேறு சாதியில் பிறந்த தோழர் அவர்களுடன் அமர்ந்து உண்டார். அவர்களுக்காகச் சிறை சென்றார். சமயஞ்சாராத தோழமை சமயத்தின் பயனை விஞ்சிய தருணமாக இதனைக் கொள்ளலாம். ஆனால் அது போராட்டத்தின் தோழமை. வாயில் திறந்தபின், போராட்டமற்ற சாதாரண நாட்களுக்கு அத்தோழமையைக் கொண்டு செல்லும் வீடு எதுவும் கட்டப்படவில்லை. வென்றவர் கோயிலுக்குட் சென்றனர். இயக்கம் வெளியே நின்றது.

5

இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொடக்கம் இதற்கு மாறானதொரு நம்பிக்கையை அளித்திருந்தது. 1930 களின் முற்பகுதியில் சூரியமல் இயக்கத்தினர், போர் நினைவு நாளில் விற்கப்பட்ட பொப்பி மலருக்கு எதிராகச் சூரிய மலரை விற்றனர். பேரரசின் சடங்குக்கு மாற்றுச் சடங்கு ஒன்றை அவர்கள் கண்டனர். 1934, 1935 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயின்போது அவர்களே கிராமங்களுக்கு மருந்தும் உணவும் எடுத்துச் சென்றனர். பருப்பு வழங்கியமையால் என். எம். பெரேரா 'பருப்பு மாத்தையா' எனப் பெயர் பெற்றார். நோயுற்றோரிடம் செல்லுதல் சமயங்கள் யாவும் போற்றும் அறம். அதனை அரசியலாக்கியோர் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். கவனிப்பிலிருந்தே நம்பிக்கை பிறந்தது.

துறைமுகத் தொழிற்சங்கங்கள் இம்மரபின் வாரிசுகள். மேதினம் அவற்றின் திருவிழா. வேலைநிறுத்த நிதி அவற்றின் தருமம். 'தோழர்' என்னும் விளி அவற்றின் உறவுமுறை. மூவினத் தொழிலாளர் ஒரே சங்கத்தில் இருக்க முடியும் என்னும் நம்பிக்கை மெய்யான பொருளியல் அடிப்படையைக் கொண்டிருந்தது. அதனை உடைத்தது சமயப் பிரசாரமன்று. 1956 இன் மொழிச் சட்டமும், 1964 இல் ஆட்சிக் கூட்டில் சேர்ந்த இடதுசாரித் தலைமை தன் முன்னைய மொழிக் கொள்கையைக் கைவிட்டமையும், 1966 சனவரி 8 இல் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் அத்தலைமை பங்குகொண்டமையுமே அதனை உடைத்தன. தமிழ்த் தொழிலாளி தன் தோழமையால் கைவிடப்பட்டான். கைவிடப்பட்டவனைக் கோயிலும் இனமும் ஏற்றுக்கொண்டன. அவன் பின்னோக்கிச் சென்றான் எனக் குறைகூறுவதற்கு எமக்கு உரிமையில்லை. அவனுக்கு முன்னே இருந்த கதவு மூடப்பட்டது என்பதே வரலாறு.

இதன்பின் எழுந்த மிகப் பெரிய சமயஞ்சாரா வழிபாட்டு வடிவம் ஆயுதப் போராட்டத்தின் உள்ளிருந்தே வந்தது. 1989 இல் மாவீரர் நாள் தொடங்கிற்று. 1991 முதல் விடுதலைப் புலிகள் தம் போராளிகளை எரிக்கும் வழக்கத்தை விட்டு, துயிலும் இல்லங்களிற் புதைத்தனர். சைவரும் கத்தோலிக்கரும் ஒரே வரிசையில், ஒரே வடிவக் கல்லறைகளில் வைக்கப்பட்டனர். சுடர், பாடல், மலர், குறித்த நாழிகை ஆகியன மரணத்துக்குப் பொருளும் துயருக்கு நாட்காட்டியும் தந்தன. இரங்கலுரையால் இயலாதது இங்கே இயன்றது. போர் முடிந்தபின் இக்கல்லறைகள் அரச படையினரால் இடிக்கப்பட்டமை, அழுவதற்குரிய இடத்தையும் தாய்மாரிடமிருந்து பறித்தது.

ஆயினும் ஆய்வாளர் என்ற முறையில் இவ்வடிவத்தின் எல்லையையும் கூறியாக வேண்டும். அது தெய்வத்தை நீக்கியது; ஐயத்தை அனுமதிக்கவில்லை. மாற்று இயக்கங்களிற் சேர்ந்து மடிந்தோருக்கும், இயக்கத்தாலேயே கொல்லப்பட்டோருக்கும் அங்கே கல்லறை இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கு அச்சுடரின் ஒளியில் இடமிருக்கவில்லை. சமயஞ்சாரா வடிவம் தன்னளவில் மனிதநேயத்துக்கு உறுதியாகாது என்பதே இதன் படிப்பினை. புனிதம் கடவுளிடமிருந்து இனத்துக்கு இடம்மாறும்போது, அதன் விலக்கும் தன்மையும் உடன்மாறிச் செல்கிறது.

6

போரும் 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலையும் திருகோணமலைக் கரையோரத்துக்கு மற்றொரு மாற்றீட்டைக் கொண்டுவந்தன. அதுவே உளவளத்துணை. ஈழத்தில் இதற்கு 'ஆற்றுப்படுத்தல்' என்னும் சொல்லும் வழங்குகிறது. வழிகாட்டும் ஆற்றுப்படையையும் துயர் ஆற்றுதலையும் ஒருங்கே நினைவூட்டும் அச்சொல் எமது மொழியின் பேறு. ஆயின் அரச சார்பற்ற நிறுவனங்கள் பல கொண்டுவந்த நடைமுறை, தனியொருவரை ஓர் அறையில் இருத்தி அவரது நினைவுகளைப் பேசவைப்பதாகவே அமைந்தது. திட்டத்துக்கான நிதி முடிந்ததும் அறையும் மூடப்பட்டது. வடக்கின் உளமருத்துவரான தயா சோமசுந்தரம், போரின் காயத்தைத் தனிமனிதரின் நோயாக மட்டுமன்றிச் சமூகத்தின் காயமாகவும் காணவேண்டுமெனத் தொடர்ந்து எழுதி வந்துள்ளார். கூட்டுச் சடங்குகளின் ஆற்றும் வலுவையும் அவர் எடுத்துக்காட்டினார். குடும்பமும் ஊரும் உடைந்த இடத்தில், அவற்றை மீளக் கட்டாது உளத்தை மட்டும் செப்பனிடல் இயலாது.

மேலை ஆய்வுகளும் இதற்கு அரண் செய்கின்றன. 2010 இல் லிம், பட்னம் ஆகியோர் ஐக்கிய அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வொன்று, வழிபாட்டுக்குச் செல்வோரின் கூடிய மனநிறைவுக்கு அங்கே கிடைக்கும் நட்பே பெரிதும் காரணமெனக் கண்டது. கோட்பாட்டைவிடக் கூட்டமே ஆற்றுகிறது என்பது இதன் பொருள். ஆயின் சோசிஸ், பிரெஸ்லர் ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கூட்டுவாழ்வுக் குடியிருப்புகள் 83 ஐ ஆராய்ந்து 2003 இல் வெளியிட்ட முடிவு எம்மை எச்சரிக்கிறது. உறுப்பினரிடம் கூடுதலான தியாகத்தைக் கோரிய சமயக் குடியிருப்புகள் நீடித்தன. சமயஞ்சாராக் குடியிருப்புகளில் அத்தகைய கோரிக்கை ஆயுளைக் கூட்டவில்லை. சமயம் தியாகத்தைக் கேள்விக்கப்பாற்பட்டதாக்குகிறது. சமயஞ்சாரா அமைப்போ ஒவ்வொரு தியாகத்துக்கும் காரணம் கூறவேண்டியதாகிறது. இதனை அதன் பலவீனமாகக் காண்போர் உளர். நாம் அதனை அதன் அறமாகக் காண்கிறோம். காரணம் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்துப் பெற்ற உறுதியின் விலையை எமது தலைமுறை அறியும்.

இலண்டனில் 2013 இல் கடவுளற்ற ஞாயிறு ஒன்றுகூடலைத் தொடங்கியோர் பாட்டையும் உரையையும் தேநீரையும் திருச்சபையிடமிருந்து பெற்றுக்கொண்டனர். மனித குலத்தையே வழிபடும் சமயமொன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒகஸ்ட் கொம்ட் வகுத்தமையும் நினைவுக்கு வரும். இத்தகைய முயற்சிகள் நடுத்தர வர்க்கத்தின் தனிமைக்கு மருந்தாகலாம். மீன்பிடிப் படகு திரும்பாத வீட்டுக்கு அவை போதா. அவ்வீட்டுக்கு வேண்டியன காப்புறுதி, கடன் நிவாரணம், பிள்ளைகளின் படிப்பு, அழுவதற்கொரு தோள் ஆகிய நான்கும் ஒருங்கே.

7

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படும். முதலாவது, சமயத்தின் பணியை ஏற்று நிலைத்தவை வாதத்தால் தோன்றியவையல்ல. சமயம் மறுத்ததை அல்லது கொடுக்க இயலாததைக் கொடுத்தமையாலேயே நிலைத்தன. சுயமரியாதைத் திருமணமும் மரண உதவிச் சங்கமும் அத்தகையன. இரண்டாவது, சட்ட உரிமை தனித்து நின்று சமூக வாழ்வாகாது; 'எழுத்து' அதற்குச் சான்று. மூன்றாவது, போராட்டக் காலத் தோழமை சாதாரண நாட்களுக்குரிய நிறுவனமாக மாறாவிடின், போராட்டம் வென்றாலும் தோற்றாலும் மக்கள் பழைய வாயிலுக்கே திரும்புவர். நான்காவது, இன எல்லையிற் கட்டப்படும் சமயஞ்சாராப் புனிதம், சமயத்தின் குறைகளை அதன் ஆறுதலுடன் சேர்த்தே எடுத்துக் கொள்கிறது.

திருகோணமலையில் இவ்வினா ஏட்டளவானதன்று. 2005 மே மாதத்தில் பட்டினத்தின் மணிக்கூட்டுக் கோபுரத்தருகே இரவோடிரவாக வைக்கப்பட்ட புத்தர் சிலை ஊரையே முடக்கியது. இறந்தோருக்கு நீர்க்கடன் செலுத்தும் கன்னியா, 2019 யூலையில் எதிர்ப்புப் போராட்டக் களமாயிற்று. பொது இடங்கள் ஒவ்வொன்றும் ஏதோவொரு சமயத்தின் பேரால் உரிமை கோரப்படும்போது, எவருடையதுமன்றி எல்லோருடையதுமான இடமே அருகிப் போகிறது. லூர்து அன்னையிடம் மெழுகுதிரி ஏற்றும் தாயிடம் அத்திரியை அணைக்கும்படி கோருவது எமது பணியன்று. அவள் எதற்காக அதனை ஏற்றுகிறாள் என்பதை அறிந்து, அக்கவலையில் எப்பகுதி மனிதரால் தீர்க்கத்தக்கதோ அதனைத் தீர்க்கும் சங்கத்தை அவ்வூரிலேயே, மூவினத்தாரும் அமரத்தக்க கதிரைகளுடன் அமைப்பதே எமது பணி. மரண உதவிச் சங்கத்தின் கணக்கேடு அதற்கான முதற்பக்கத்தை ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறது. அடுத்த பக்கங்களை வாழ்வோருக்காக எழுதுதல் வேண்டும்.